பள்ளிக்கூடத்துக்கு வியாசம் வந்த விதம்

பசுவைப் பற்றி வியாசம் எழுதும்படி பரீட்சையில் வந்த கேள்விக்கு, தென்னை மரத்தைப் பற்றி மாத்திரம் நெட்டுருப் போட்டு வைத்திருந்த பையன் ஒருவன், முதல் வாக்கியத்தில் பசுவைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, இரண்டாம் வாக்கியம் தொடங்கி ஓலை, மட்டை, இளநீர், கயிறு என்று தென்னையின் பிரயோஜனங்களையெல்லாம் பக்கம் நிறைய எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான் என்ற கதையைச் சொல்லிச் சிரிக்காத தமிழாசிரியர் நம் நாட்டில் அபூர்வம். சிரிப்பவர்கள் அதைப் பையனுடைய அசட்டுத்தனத்துக்கு ஓர் உதாரணமாகச் சொல்லுகிறார்கள். எனக்கென்னவோ அவன் அசடனாகத் தோன்றவில்லை. கேட்டதைக் கேட்டபடியே மனத்தில் இருத்தி, இருத்தியதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பதே படிப்பு என்று பல தலைமுறைகளாக வழங்கிவந்த ஒரு தேசத்தில், பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே விஷயம் திரட்டி, தானே அதை முறைப்படுத்தி, தன்னுடைய வாக்கியத்தில் பிறருக்கு விளங்கும்படி எழுதவேண்டும் என்ற புதிய நியமம் வந்து சேர்ந்தபோது, பழைய வித்தையைக் கொண்டே புதிய பரீட்சையைச் சமாளித்தவன் அவன். அந்த நியமம் எங்கிருந்து வந்தது, வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்து இல்லாமல் இல்லை. விஜயதசமியன்று நெல்லில் அல்லது மணலில் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுதிக் காட்டிய உபாத்தியாயர், கை திருந்திய பிறகு பனையோலையையும் எழுத்தாணியையும் கொடுத்தார். கீறிய எழுத்துத் தெரிவதற்காக மஞ்சளும் கரியும் இலைச்சாறும் கலந்து ஓலையின்மேல் தடவினார்கள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் நிகண்டும் வாய்ப்பாடமாக ஏறின. பெரிய பையனாகிய சட்டாம்பிள்ளை சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். இந்த ஏற்பாட்டின் சிக்கனத்தைக் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னை எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதியில் 1789 முதல் 1796 வரை தலைவராயிருந்தபோது அதைத் தாமும் கைக்கொண்டு, மணலில் எழுதும் வழக்கத்தையும் சேர்த்துச் சீமைக்குக் கொண்டுபோய், 1797-இல் அதைப் பற்றிப் புஸ்தகமும் பிரசுரித்து, ‘மதராஸ் முறை’ என்ற பெயரால் அங்கே பிரபலப்படுத்தினார்.

கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுத்த கணக்கின்படி சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்களும் அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தார்கள். அந்தக் கணக்கோடு ஜில்லாக் கலெக்டர்கள் அனுப்பிய அறிக்கைகளுள் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் எழுதியது மிக ரசமானது. காலையில் முதலாவதாக வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமத்தை எழுதுவதும், இரண்டாவதாக வந்தவன் கையில் புகழும் இல்லை இகழும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு பூஜ்யத்தை எழுதுவதும், மூன்றாமவனுக்கு ஒரு மெல்லிய அடி, நாலாமவனுக்கு இரண்டு என்று பிரம்பு ஏறிக்கொண்டே போவதும் அதில் வருகின்றன. பாட்டுக்களைப் பொருள் தெரியாமல் கிளிபோல் ஒப்பிக்கிறார்கள் என்று குறை கூறும் அதே மனிதர், போகிற போக்கில் வேறொரு விஷயத்தையும் குறித்துவைத்திருக்கிறார். உபாத்தியாயர் பல இடங்களிலிருந்தும் சேகரித்து வைத்திருக்கும் கடிதங்களைக் காட்டி, பலவிதமான கையெழுத்துக்களைப் படிக்கப் பழக்குகிறார் என்பதும், சாதாரணக் கடிதங்களும் ஒப்பந்தப் பத்திரங்களும் எழுதக் கற்பிக்கிறார் என்பதும் அது. பல்லாரி தமிழ் ஜில்லா அன்று. ஆயினும் நம் பக்கத்துத் திண்ணைகளிலும் வழக்கம் இதுவே.

இதை நான் சாமானியமாகத் தள்ளிவிட மாட்டேன். இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவேண்டியது என்று தொடங்கி, வருஷம், மாதம், தேதி, இன்னாருடைய நிலம், இத்தனை குழி, கிழக்கே இன்ன வாய்க்கால், மேற்கே இன்னார் கொல்லை, வாங்கிய தொகை, வட்டி, தவணை என்று ஒன்றும் விடாமல் எழுதப் பழகிய பையன், செய்தியைச் செய்தியாகச் சொல்லும் வித்தையைத்தான் கற்றான். அந்த எழுத்துக்கு ஒரு பொருள் இருந்தது; அதைப் படிக்கப்போகிற ஆள் ஒருவர் இருந்தார்; எல்லையை மாற்றி எழுதினால் வழக்கு வரும் என்ற பயமும் இருந்தது. பின்னாளில் பள்ளிக்கூடத்து வியாசம் இழந்த மூன்று சம்பத்துக்கள் இவை.

பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. பொருளை விளக்கும் உரைநடை தமிழில் புதிதன்று. இறையனார் களவியலுரை முதலாகச் சேனாவரையர், பரிமேலழகர் வரை எத்தனையோ நூற்றாண்டுகளாக வளர்ந்த நடை அது. ஆனால் அந்த நடை என்றும் ஒரு செய்யுளின் நிழலிலேயே வாழ்ந்தது. பாட்டு மேலே நிற்கும். உரை கீழே கைகட்டி நின்று பதப்பொருள் கூறி, ஆசங்கை எழுப்பி, விடை சொல்லி, மேற்கோள் காட்டி அடங்கும். மாட்டைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ பாட்டின் துணை இல்லாமல் நாலு பக்கம் எழுதலாம், அதைப் பிறர் படிக்கவும் செய்வார்கள் என்ற எண்ணம் அந்த உரையாசிரியர்களுக்குத் தோன்ற நியாயமில்லை. பிள்ளைகளுக்கு அதன் சிறிய வடிவமாகப் பதவுரை, பொழிப்புரை என்ற அப்பியாசங்கள் கிடைத்தன. இன்றைக்கும் தமிழ் வகுப்பில் பொழிப்புரை நன்றாக எழுதுகிற பிள்ளை, எதிரே ஒரு பாட்டு இல்லாவிட்டால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

அச்சுக்கூடம் வந்த பிறகுதான் உரைநடைக்குச் சொந்தக் கால் முளைத்தது. சென்னைக் கோட்டையைச் சார்ந்து 1812-இல் ஏற்பட்ட கல்லூரியில், சீமையிலிருந்து வந்த உத்தியோகஸ்தர்கள் தமிழ் கற்பதற்குக் கதை வேண்டியிருந்தது. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்தது. துரைமார்களுக்காக எழுதிய வசனம் விரைவிலேயே நம் பிள்ளைகளின் பாடபுஸ்தகமும் ஆயிற்று என்பது இதில் ஒரு வேடிக்கை. ஆனால் கதை வேறு, விஷயத்தை விளக்கும் வியாசம் வேறு. பின்னதற்கு முதலில் நல்ல விளைநிலமாக வாய்த்தது யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையில் 1823-இல் தொடங்கிய செமினரியில் வான சாஸ்திரமும் கணிதமும் தர்க்கமும் படித்த இளைஞர்கள் ஊருக்குத் திரும்பியபோது, தாங்கள் கற்றதைத் தமிழில் சொல்ல அவர்களுக்கு ஓர் இடமும் கிடைத்தது. 1841-இல் ஆரம்பித்த உதயதாரகை, தமிழும் இங்கிலீஷும் கலந்த அந்தப் பத்திரிகை, மதப் பிரசாரத்துக்காகவே தோன்றியதாயினும், சாஸ்திர விஷயங்களையும் ஊர் விவகாரங்களையும் சாதாரண வசனத்தில் ஜனங்களுக்குச் சொல்லிற்று. மானிப்பாயில் இருந்த டாக்டர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தையே தமிழில் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார்.

அந்த மிஷனாரோடு வாழ்நாள் முழுவதும் வாதாடியவரும், அவர்களுடைய ஆயுதத்தையே எடுத்து அவர்களை எதிர்த்தவருமான ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்து, அச்சியந்திரமும் வாங்கி, பாலபாடம் என்ற வரிசையைத் தாமே எழுதி அச்சிட்டார். எழுத்திலிருந்து சொல்லும், சொல்லிலிருந்து வாக்கியமும், வாக்கியத்திலிருந்து வியாசமுமாகப் படிப்படியே பிள்ளையை ஏற்றிக்கொண்டுபோகும் அந்த ஏற்பாடு அதுவரை நம்மிடையே இல்லாதது. நான்காம் பாலபாடத்தில் கொலை, களவு, பொய், கோபம், செய்ந்நன்றியறிதல் என்று தலைப்புத் தலைப்பாக அவர் எழுதியிருப்பவற்றைப் படித்தால், சந்தியைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு, ஒரு கருத்தை விட்டு அடுத்த கருத்துக்குப் போகும் ஒழுங்கு எவ்வளவு தெளிவாக அமைந்திருக்கிறது என்பது விளங்கும். ஆனால் விஷயங்கள் அனைத்தும் தர்மோபதேசம். நாவலருக்கு அதுவே நோக்கமாதலால் அவரைக் குறை சொல்ல இடமில்லை. அவருக்குப் பின் வந்த பாடபுஸ்தகக்காரர்கள் நடையை அவரிடம் கற்றுக்கொள்ள மாட்டாமல், தலைப்பை மாத்திரம் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் பின்னாளில் நேர்ந்த விபரீதம்.

1854-ஆம் வருஷத்துக் கல்விச் சாசனத்தை அநுசரித்து, அடுத்த வருஷமே சென்னையில் பப்ளிக் இன்ஸ்ட்ரக்ஷன் இலாகா ஏற்பட்டது. இலாகா வந்தால் இன்ஸ்பெக்டர் வருவார்; இன்ஸ்பெக்டர் வந்தால் பரீட்சை வரும். பிள்ளைகள் தேறின கணக்குக்குத் தக்கபடி பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும் முறை 1860-களில் பரவத் தொடங்கியபோது, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விலை ஏற்பட்டது. வாசகத்தைச் சொல்லி எழுதச் செய்து பிழையை எண்ணலாம். எண்ணினால் மார்க்குப் போடலாம். மார்க்கைக் கூட்டினால் ரூபாய் அணா வரும். சொந்தமாக எழுதிய வியாசத்தை அப்படி எண்ண முடியாது. ஆகவே பல காலம் ‘சொல்வது எழுதுதல்’ அரசாண்டது; வியாசம் வாசலில் நின்றது.

உள்ளே அழைத்து வந்தவை இரண்டு. ஒன்று, சுவிட்சர்லாந்துப் பெஸ்டலாஜியின் கொள்கையிலிருந்து கிளைத்து இங்கிலாந்து வழியாக வந்த பொருட்பாடம். உப்போ கற்பூரமோ சுண்ணாம்போ ஒரு வஸ்துவைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்து, இதன் நிறம் என்ன, ருசி என்ன, தண்ணீரில் கரையுமா, எங்கே கிடைக்கிறது, எதற்கு உதவுகிறது என்று கேட்டு, அவர்கள் சொன்ன விடைகளையே கோத்து எழுதச் செய்வது அதன் உத்தேசம். உத்தேசம் உத்தமமானது. நடந்தது வேறு. வஸ்து அடுத்த வருஷத்துக்குள் காணாமற்போய், விடைகள் மாத்திரம் நிலைத்தன. ‘வெண்மையானது, கரையக்கூடியது, காரமானது’ என்று கற்பூரத்தைக் காணாமலே பிள்ளைகள் ஒப்பித்தார்கள். மற்றொன்று, உயர்தரப் பள்ளிகளின் இங்கிலீஷ் வகுப்பு. 1898-இல் வெளிவந்த நெஸ்பீல்டின் இலக்கணமும் வியாசப் பயிற்சியும் அடங்கிய புஸ்தகம் இந்தியா முழுவதும் பள்ளிகளில் புழங்கிற்று. வியாசங்களை வகை பிரிப்பதும், எழுதுமுன் குறிப்புச் சட்டகம் போட்டுக்கொள்வதும் இங்கிலீஷ் ஆசிரியரிடமிருந்து தமிழ் வகுப்புக்கு இறங்கி வந்தன.

தமிழ் வகுப்பின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். தலைப்பாகையும் மேல்வேஷ்டியுமாக வரும் தமிழ்ப் பண்டிதர், பட்டம் பெற்ற மற்ற ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளத்தில், வாரத்தில் நாலைந்து மணி நேரம் கிடைத்தவர். அவருக்கு நன்னூலிலும் கம்பராமாயணத்திலும் கரைகண்ட பாண்டித்தியம் உண்டு. ஆனால் நாற்பது பையன்களுடைய கட்டுரை நோட்டுக்களைத் திருத்தும்போது, ஒற்று மிக்கதா, எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் உண்டா என்று சிவப்பு மையால் சுழித்துக்கொண்டு போவாரே ஒழிய, ‘ஒட்டகம் வயிற்றில் ஒரு வருஷத்துத் தண்ணீர் வைத்திருக்கும்’ என்று எழுதியவனை, உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கமாட்டார். விஷயம் அவருடைய இலாகா அன்று என்பது அவருடைய எண்ணம். சயன்ஸ் வாத்தியாருக்கோ மொழி தம்முடைய இலாகா அன்று என்று எண்ணம். செய்தி சொல்லும் கட்டுரை இந்த இரண்டு இலாகாக்களுக்கும் நடுவில் விழுந்து கிடந்தது.

விழுந்து கிடந்ததைத் தூக்கி நிறுத்த வந்தது சட்டகம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற மூன்று அறைகள். நடு அறைக்குள் தோற்றம், வகை, உணவு, பயன் என்ற சிறு தலைப்புக்கள். ‘கீழ்க்கண்ட குறிப்புக்களைக் கொண்டு கட்டுரை வரைக’ என்று வினாத்தாளே குறிப்புக்களைக் கொடுத்துவிடும். எட்டாம் வகுப்பில் இ.எஸ்.எல்.சி. சர்க்கார் பரீட்சை இருந்த நாட்களில் இந்தச் சட்டகம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தடியாக உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு வாசற்படியாவது தெரிய வேண்டும். ஆனால் வருஷா வருஷம் மாறாத படியாதலால், அதற்கேற்ற மாதிரிக் கட்டுரைகள் அச்சாகி, கடைகளில் தொங்கின. அவற்றைப் பிள்ளைகள் உருப்போட்டார்கள். நிகண்டை உருப்போட்ட அதே வாய். சூத்திரத்துக்குப் பதில் பொங்கல் பண்டிகை, அவ்வளவுதான். தலைப்புக்களிலும் பாதிக்குமேல் காலத்தின் அருமை, உண்மை பேசுதல், ஒற்றுமையே பலம் என்ற ஜாதி. நிகண்டிலாவது ஆயிரக்கணக்கான சொற்கள் கிடைத்தன.

தமிழில் செய்தி எழுதுவதற்குச் சொல் ஏது என்ற கேள்வியும் இருந்தது. சரித்திரமும் பூகோளமும் ரசாயனமும் மேல் வகுப்புக்களில் இங்கிலீஷிலேயே நடந்த காலத்தில், பிராணவாயுவைப் பற்றித் தமிழில் பத்து வரி எழுத மாணவனுக்கும் அவசியம் வரவில்லை, ஆசிரியருக்கும் தைரியம் வரவில்லை. சேலத்தில் வக்கீலாயிருந்த ராஜாஜி 1916-இல் நண்பரோடு சேர்ந்து சாஸ்திர பரிபாஷைக்காக ஒரு கழகமும் பத்திரிகையும் நடத்திப் பார்த்தார். அடுத்த வருஷம் முதற்கொண்டு பெ. நா. அப்புஸ்வாமி என்ற மற்றொரு வக்கீல் விஞ்ஞான விஷயங்களைத் தமிழில் எழுதத் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை விடவில்லை. ராஜாஜியின் திண்ணை ரசாயனத்தையும் அப்புஸ்வாமியின் கட்டுரைகளையும் படித்தவர்களுக்கு, தமிழில் எதையும் சிறுபிள்ளைக்கு விளங்கச் சொல்லலாம் என்பதில் சந்தேகம் இராது. இருவரும் பள்ளி ஆசிரியர்கள் அல்லர், வக்கீல்கள், என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்றும் தெரியாத கட்சிக்காரனுக்கு வழக்கை விளங்கவைத்துப் பழகியவர்கள்! 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டதும், ஏறக்குறைய அதே சமயத்தில் உயர்தரப் பள்ளிகளில் தாய்மொழியே போதனாமொழியாகத் தலைப்பட்டதும் சொல் இல்லை என்ற சாக்கை அநேகமாகத் தீர்த்துவிட்டன.

சட்டகத்துக்குள் அடங்காத ஆசிரியர்களும் இருந்தார்கள். நான் மூன்றாம் பாரம் படித்த காலத்தில் எங்களுக்குத் தமிழ் சொன்னவர், ஒரு நாள் கட்டுரை வகுப்புக்கு நோட்டே வேண்டாமென்று சொல்லி, எங்கள் எல்லோரையும் வாணியர் தெருவில் இருந்த செக்குக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆளுக்கு இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்பது உத்தரவு. செக்கு எந்த மரம் என்று ஒருவன் கேட்டான். வாகை என்றார் செட்டியார். மாட்டுக்கு ஏன் கண்ணைக் கட்டியிருக்கிறது என்றான் இன்னொருவன். எள் அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் அவர் கருப்பட்டியை உடைத்துப் போட்டதைப் பார்த்து, எண்ணெய் தித்திக்காதா என்று நான் கேட்டேன். செட்டியார் சிரித்து, “இல்லே தம்பி, கருப்பட்டி போட்டாத்தான் சக்கை இறுகி எண்ணெய் தனியாப் பிரியும், இல்லாட்டா பிண்ணாக்கோடவே நிக்கும்” என்றார். மறுநாள் கட்டுரை எழுதும்போது எங்களுள் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன், மனித நாகரிகத்துக்கு எண்ணெய் இன்றியமையாதது என்று கம்பீரமாக ஆரம்பித்திருந்தான். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, “இதை நீ பார்த்தாயா, செட்டியார் சொன்னாரா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றான். அந்த வரியை அடித்துவிட்டு, கருப்பட்டியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். முன்னுரை இல்லாத கட்டுரையை அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம்.

காந்தியடிகளின் யோசனைப்படி 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம், இந்த மாதிரிக் காரியத்தையே ஒரு கொள்கையாக்க முயன்றது. கைத்தொழிலின் வழியே மற்றப் பாடங்கள் என்பதனால், நூற்ற நூலின் கணக்கையும், தோட்டத்தில் விதைத்ததையும் விளைந்ததையும் பிள்ளைகளே குறித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பேடுகள் இலக்கியமல்ல. ஆனாலும் அவற்றில் கதிர் அறுந்தது, பூச்சி விழுந்தது என்று உண்மையாக நடந்தவை இருந்தன. ஆதாரப் பள்ளிகள் ஏன் நிலைக்கவில்லை என்பது பெரிய கதை. இங்கே விரிக்க இடமில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கல்விக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வலுவான இடம் அமைத்தவர், 1930-இல் ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அவரே கல்வி மந்திரியாயிருந்த 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டு, கலைக்களஞ்சிய வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முதன்மை ஆசிரியராக அமைந்த பெரியசாமித் தூரனும் அந்த வித்தியாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு பழகிய உபாத்தியாயரே.

முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. பத்தாவது தொகுதி முடிய 1968 ஆயிற்று. அந்த வருஷமே, களைத்து உட்காராமல், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி, 1976-க்குள் அதற்கும் பத்துத் தொகுதிகள் போட்டார்கள். பெரிய களஞ்சியத்தைச் சுருக்கிக் கொடுத்துக் கையைக் கழுவாமல், பிள்ளைகளுக்கென்றே வேறாக எழுதினார்கள். படங்களையும் வாரி இறைத்தார்கள். செய்திக் கட்டுரைக்கு ஒரு பிள்ளை மாதிரி தேடினால், கடையில் தொங்கும் நோட்ஸைக் காட்டாமல் இதைக் காட்டலாம் என்ற நிலை தமிழில் அப்போதுதான் ஏற்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் போய்ப் பார்த்த பள்ளிக்கூடங்கள் பலவற்றில் அந்தப் பத்துத் தொகுதிகளும் தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி பீரோவில் வரிசை குலையாமல் இருந்தன. பூட்டின் சாவி எழுத்தரிடம். ஏன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று கேட்டால், கிழித்துவிடுவார்கள், ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டும் என்பார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு; ஸ்டாக்கு ரிஜிஸ்தரில் கிழிந்த புஸ்தகத்துக்குத் தனிக் கலம் கிடையாது. இருபது வருஷம் கழித்தும் ஏடு கசங்காத கலைக்களஞ்சியத்தைக் கண்டால் அந்தப் பள்ளிக்கூடத்திடம் விளக்கம் கேட்கும்படி இன்ஸ்பெக்டர்களுக்கு ஓர் உத்தரவு போட்டால் என்ன என்று நான் ஓர் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.